தாழிகளுக்குத் தண்ணீர் கேட்டவர்

லூர்துமேரி மேடம் விடியற்காலையில் மாரடைப்பால் காலமாகிவிட்டார் என்று அவருடைய தம்பி அலுவலகத்துக்குப் போன் செய்தார். சிறிது நேரத்தில் எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு இரங்கல் கடிதம் டைப் செய்யச் சொன்னார். "ஓய்வறியா உழைப்பாளி" என்று ஆரம்பித்தார். போன வாரம் மேடத்துக்கு அவர் கொடுத்த மெமோவை டைப் செய்தவனும் நான்தான்.

மேடம் மரக்காணத்துக்காரர், அதே ஊரில் இருக்கும் எங்கள் சின்ன அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது கடல்நீர் கூடத்துக்குள் புகுந்து, இரும்பை என்ற ஊர்ப் பக்கம் கிடைத்த முதுமக்கள் தாழிகளை மூழ்கடித்தது. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று, அவற்றை வெயிலில் காயவைக்க உத்தரவிட்டார் அதிகாரி.

"உப்புத்தண்ணி குடிச்சத வெயில்ல வெச்சா என்ன சார் ஆவும்? எதிர்ல உப்பளத்தப் பாருங்க!" என்று மேடம் மன்றாடினார். கேட்டால்தானே! நான்காம் நாள் தாழிகளின் மேல் வெள்ளையாக உப்பு பூத்தது. தொட்ட இடமெல்லாம் சில்லு சில்லாக உதிர்ந்தது.

நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பு இறங்கும்வரை தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். வேறு வழியில்லை. தண்ணீர் லாரி கேட்டு மேடம் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. உதிர்ந்த சில்லு ஒன்றை எடுத்துக்கொண்டு அவரே ஊருக்குள் கிளம்பினார். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றார். மாரியம்மன் கோயில் தெருவிலும் நின்றார். "நாக்குல வெச்சுப் பாருங்க. நம்ம பாட்டன் பூட்டனப் பொதச்ச பானைங்க. வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி குடுங்க" என்றார்.

குடிதண்ணீருக்கே அடிபம்பில் வரிசை கட்டும் ஊர். "செத்தவங்க பானைக்கா ஊத்துறது?" என்று சிலர் சிரித்தார்கள். உப்பளத்தில் உப்பு வாரும் அஞ்சலை மட்டும் அந்தச் சில்லை நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஐயோ, உள்ள இன்னும் உப்பு வெளையுதும்மா" என்றவர், மறுநாளே குடத்தோடு வந்துவிட்டார். அவர் பின்னால் தெருவே வந்தது. ஊறிய தண்ணீரை அந்தப் பெண்கள் விரலால் தொட்டு ருசித்து, "இன்னும் கரிக்குது" என்பார்கள். மேடம் நோட்டில் குறித்துக்கொள்வார். இந்த ஐந்து மாதத்தில் ஆறு தாழிகள் தேறின. இரண்டு இன்னும் தொட்டியில் கிடக்கின்றன.

இதற்குத்தான் மெமோ. வெளியாட்களை அரும்பொருட்களைத் தொட விட்டாராம்! வெயிலில் போடச் சொன்னவருக்கு ஒன்றுமில்லை. மேடம் படித்துவிட்டு, "யாரோட பாட்டனுக்கு யாருப்பா வெளியாளு?" என்று மட்டும் கேட்டார்.

அடக்கத்துக்கு அதிகாரி மலர்வளையத்தோடு வந்தார். அஞ்சலையும் மற்ற பெண்களும் நிறைகுடங்களோடு கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றார்கள். புதிய காப்பாட்சியர் வரும்வரை கூடத்தைத் திறக்கக் கூடாது என்று அதிகாரி காலையிலேயே என்னைப் பூட்டச் சொல்லியிருந்தார்.

"கத்திரி வெயிலு சார். தொட்டித் தண்ணி வத்திச்சுன்னா மறுபடியும் உப்பு பூத்துடும். தொறங்க சார்" என்றார் அஞ்சலை.

"சாவு நடந்த எடத்துல இதப் பேசுற நேரமாம்மா?" என்றார் அதிகாரி.

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பெண்களோடு நடந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

மேடம், போய் வாருங்கள். இன்றைய தண்ணீரை மாற்றியாயிற்று. இன்னும் கரிக்கிறது என்கிறார் அஞ்சலை. நாளைக்கும் திறப்பேன்.