செந்நிற வாயிலுக்கு வெளியே

யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற கல்லூரியொன்றில் கற்றுப் பட்டம் பெற்றவன் நான். ஒஸ்லோவில் எங்கள் கோயில் நிருவாக சபைக்கு ஒன்பது ஆண்டுகள் தலைவனாக இருந்தேன். சாவுத் தீட்டான துடக்கு உள்ளவர் கோயிலுக்குள் வரலாகாது என்ற விதியில் எவருக்கும் விலக்கு அளித்ததில்லை. தமையன் இறந்து இருபது நாளே ஆன ஒருவரைத் தேர்வடத்தில் கைவைக்க விடாமல் திருப்பி அனுப்பியவனும் நானே. அவர் அதை மறக்கவில்லை.

மகளும் மருமகனும் என்னை ஜப்பானுக்கு அழைத்துச் சென்றனர். கியோத்தோவில் தங்கியிருக்கையில், என் சிற்றப்பாவின் மகன் ஊரில் இறந்த செய்தி தொலைபேசியில் வந்தது. எனக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. மறுநாள், ஏற்கெனவே திட்டமிட்டபடி, பழைமையான ஷிண்டோ ஆலயமொன்றுக்குச் சென்றோம். செந்நிற மரவாயிலின் முன் நான் நின்றுவிட்டேன்.

“அப்பா, இது எங்கட கோயில் இல்லைத்தானே. வாங்கோவன்,” என்றாள் மகள். மணமாகிப் போனவள், அவளுக்கு அந்தத் துடக்கு இல்லை.

“கோயில் எண்டால் கோயில்தான். நீங்கள் போங்கோ.”

ஒரு மணி நேரம் குளிரில் நின்றேன். வெளியே வந்த ஜப்பானிய மூதாட்டி ஒருவர் என்னைக் கண்டு தலை தாழ்த்தினார். நானும் கைகூப்பினேன்.

மகள் திரும்பி வந்து, “அப்பா, இஞ்சையும் செத்தவீட்டுக்காரர் இந்த வாசலுக்குள்ளை வரமாட்டினமாம். வழிகாட்டி சொன்னவ,” என்றாள். அன்று எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

துடக்குக் கழிந்தபின், ஒஸ்லோவுக்கு அருகேயுள்ள லோறென்ஸ்கூக்கில் பேத்தியின் பிறந்தநாளன்று மருமகன் பயணப் படங்களைத் தொலைக்காட்சியில் காட்டினார். ஒன்று, ஆலயத்தின் உள்ளிருந்து அவர் எடுத்தது. மூதாட்டி அதில் விழவில்லை. சிவப்புத் தூண்களுக்கிடையே, உள்ளே நிற்பவன்போல, கைகூப்பியபடி நான் மட்டும். நான் முன்பு திருப்பி அனுப்பிய தேர்வடத்துக்காரரும் அங்கிருந்தார்.

“எட, தலைவர் துடக்கோடை போய்ச் சப்பான் சாமியைக் கும்பிட்டிருக்கிறார். சட்டம் எங்களுக்கு மட்டும்தான் போலை,” என்றார் அவர்.

“அந்தச் சாமிக்கு எங்கட துடக்கு விளங்காது அண்ணை!” என்றார் இன்னொருவர். வீடு சிரித்தது.

நடந்ததை ஏன் சொல்லவில்லை என்று படமெடுத்த மருமகனைப் பின்னர் கேட்டதற்கு, “விடுங்கோ மாமா, பகிடிக்குத்தானே சொன்னவை,” என்றார்.

அந்தப் பகிடி கோயிலின் பொதுக்கூட்டத்தில் குற்றச்சாட்டாக எழுந்தது. சாட்சி சொல்ல மகள் எழுந்தாள். அமரும்படி கைகாட்டினேன். ஒன்பது ஆண்டுகள் என்னை அறிந்த சபைக்கு என் மகளின் சாட்சி தேவைப்படுமாயின், அந்த நாற்காலி எனக்குத் தேவையில்லை. தேர்வடத்துக்காரர் அதில் அமர்ந்தார்.

நான் துடக்கோடு ஆலயத்துக்குள் புகுந்ததாக இன்றும் சொல்கிறார்கள். நான் புகவில்லை. வாயிலுக்கு வெளியே நின்றேன்.