குட்டி ரயிலும் என் மகளின் காதும்

குகைக்குள் இருக்கும் ரயில் வெளியே வரப்போகிறது என்பது என் மகளுக்கு எப்படித் தெரிகிறது? ஒரு வருஷத்துக்கு மேலாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உலை வைக்கும்போதும் யோசிக்கிறேன், கோவிலில் கண்ணை மூடி நிற்கும்போதும் யோசிக்கிறேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை.

நான் சொல்வது எங்கள் வீட்டுப் பின்னறையில் ஓடும் குட்டி ரயிலை. என் கணவர் தென்காசியில் டிராயிங் வாத்தியார். அவரும் சிநேகிதர்கள் இருவரும் சேர்ந்து அதைக் கட்டினார்கள். ஒருவர் கடைத்தெருவில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் அண்ணாச்சி. இன்னொருவர் செங்கோட்டை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். வயதில் இளையவர், என்னை மதினி என்று கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் மூவரும் பின்னறைக்குள் போனால், மத்தியானம் நான் போய்ச் சத்தம் போட்டால்தான் இலைக்கு வருவார்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் இது எனக்கு விசித்திரமாக இருந்தது. மீசை வைத்த ஆண்கள் பொம்மை செய்வார்களா? ஒரு நாள் அந்த வார்த்தையை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கிளார்க்கின் முகம் சுண்டிப்போனது. "பொம்மைன்னு மட்டும் சொல்லாதிய மதினி. இது மாடல்" என்றார். அன்றிலிருந்து நானும் மாடல் என்றே சொல்கிறேன்.

செங்கோட்டையிலிருந்து மலையேறிப் புனலூர் போகும் பாதையைத்தான் அவர்கள் பலகை மேல் கொண்டுவந்தார்கள். மாம்பலகைகளைக் குறுக்குவாட்டில் ஒட்டி ஒட்டி அடுக்கி, அறை நீளத்துக்கு, கால் வைத்த பெஞ்சுபோல ஒரு மேடை போட்டார்கள். ஜவுளிப் பெட்டிகளைக் கட்டி வரும் இரும்புப் பட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, விளிம்பு மேலே இருக்கும்படி நிறுத்தினால் அது தண்டவாளம். தேயிலைப் பெட்டி மரத்தைச் சீவினால் அதன் கீழே வைக்கும் குறுக்குக் கட்டை. பிஸ்கட் டின்னும் பால் பவுடர் டின்னும் வண்டிப் பெட்டிகளாயின. எஞ்சின் வயிற்றுக்குள் ஒரு பழைய டைம்பீஸின் சுருள்வில் இருந்தது. சாவி கொடுத்தால் ஓடும். சாக்குத் துணியில் காகிதக் கூழ் பூசிப் பச்சை அடித்து மலையும் செய்திருந்தார்கள். சுவரோரமாக ரயில் அந்த மலைக்குள் நுழைந்து, சற்று நேரம் கண்ணுக்குத் தெரியாமல் போய், மறுபக்கம் குகை வாசல் வழியே வெளியே வரும்.

அவர்களுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. அறையைப் பெருக்குவதற்கு முன் துணியில் சுற்றிய காந்தத்தைத் தரை முழுக்க இழுக்க வேண்டும். அண்ணாச்சி தவறவிட்ட எள்ளுப் போன்ற திருகாணிகள் அதில் ஒட்டிக்கொண்டு வரும். குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு நான் அந்தக் காந்தத்தை அவர்களைவிட அதிகமாக இழுத்தேன். ஈயம் பற்றவைக்கும் நாளில் கதவைச் சாத்தி, குழந்தையை அடுத்த தெரு வரை தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

எல்லாவற்றிலும் முக்கியமான பழக்கம், கேட்பது. புதிதாக ஒரு துண்டுத் தண்டவாளம் பதித்துவிட்டால் ரயிலை ஓட விட்டு மூவரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். யாரும் பேசக்கூடாது, நான் காப்பி டம்ளரைக் கீழே வைக்கக்கூடாது. இரண்டு துண்டுகள் சேரும் இடத்தைச் சக்கரம் கடக்கும்போது 'டக்டக், டக்டக்' என்று மெல்ல ஒரு சத்தம் வரும். அது நிஜ ரயிலின் தாளத்தில் இருக்கிறதா என்பதுதான் பரீட்சை. இல்லையென்றால் துண்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு மறுபடியும் ஆரம்பம். சாயங்காலம் மூவரும் தென்காசி ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போய், பாசஞ்சர் கடந்து போவதைக் கேட்டுவிட்டு வருவார்கள். பார்ப்பதற்குப் போவதில்லை, கேட்பதற்குப் போகிறார்கள் என்பது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

என் மகளுக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. அடுத்த வீட்டு அக்கா, "ஏட்டி, ஒம் பிள்ளைக்கு வீம்பைப் பாரு. மகாராணி கூப்பிட்டா திரும்பமாட்டா" என்று சிரிப்பாள். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்து குழந்தையின் முதுகுக்குப் பின்னால் தாம்பாளத்தைக் கீழே போடுவேன். அவள் திரும்புவாள். நிம்மதியாக இருக்கும். கொஞ்ச நேரத்தில், தரை அதிர்ந்ததால் திரும்பினாளோ என்று தோன்றும். மெத்தை மேல் உட்காரவைத்துத் தட்டினால் திரும்பமாட்டாள். ஒருவேளை விளையாட்டு மும்முரமோ? ஈயப் புகை என்னையும் மீறி அவள் மூக்கில் போயிருக்குமோ? இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு யோசனை.

அந்தச் சமயத்தில்தான் கணவர் ஒரு நாள் என்னைப் பின்னறைக்கு அவசரமாகக் கூப்பிட்டார். குழந்தை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ரயில் மலைக்குள் போய் மறைந்தது. மறு கையிலிருந்த மரச்சொப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள், எஞ்சின் மூக்கு வெளியே தெரிவதற்குச் சற்று முன்னால் தலையைத் தூக்கிக் குகை வாசலைப் பார்த்தாள். சிநேகிதர்கள் மறுபடி ஓடவிட்டார்கள். மறுபடியும் அப்படியே.

"பாத்தியா? காது நல்லாத்தான் கேக்குது" என்றார் கணவர். நம்ப முடியாதவர்போல இன்னொரு தடவை எஞ்சினுக்குச் சாவி கொடுத்தார். அப்போதுதான், நான் தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டிருந்த நாளிலெல்லாம் அவரும் பயந்துகொண்டிருந்தார் என்று தெரிந்தது.

எனக்குச் சந்தோஷம் முழுசாக வரவில்லை. என் கண் அவள் கையிலேயே இருந்தது. அந்தக் கை பெஞ்சின் விளிம்பில் இருந்தது. ரயில் ஓடும்போது நானும் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். எறும்பு ஊர்வதுபோல மரத்துக்குள் ஓர் அதிர்வு ஓடியது. ரயில் வாசலை நெருங்க நெருங்க அது கூடியது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றேன். அவள் திரும்பவில்லை. என் தாலிச் சங்கிலியைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கணவரின் முகத்திலிருந்த தெளிச்சி போய்விடுமே என்று இருந்தது.

ஆனியில் சாரல் தொடங்கியது. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் மூவரும் உடம்பெல்லாம் எண்ணெயைப் பூசிக்கொண்டு அருவிக்குப் போனார்கள். தலை துவட்டாமல் வந்து ரயிலை ஓட விட்டால், சத்தம் கெட்டுப்போயிருந்தது. டக்டக் என்று இருந்தது டொக்கு டொக்கு என்று கேட்டது. சமையற்கட்டில் இருந்த எனக்கே கேட்டது. சக்கரம் தேய்ந்துவிட்டது என்றார் அண்ணாச்சி. எல்லாச் சக்கரங்களையும் கழற்றி அரத்தால் ராவி மாட்டினார்கள். சத்தம் போகவில்லை. குனிந்து பார்த்தபோது, தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது.

கிளார்க்குக்கு உற்சாகம் வந்துவிட்டது. நிஜப் பாதையில் வெயிலுக்கு இரும்பு நீளும் என்று இடைவெளி விடுவார்களாம். அதே முறைப்படி இவர்களும் கோடையில் தபால் அட்டை கனத்துக்கு இடைவெளி விட்டுப் பதித்திருந்தார்கள். இப்போது குளிருக்கு இரும்பு சுருங்கிவிட்டது, சூடு காட்டினால் நீண்டு சேர்ந்துவிடும் என்றார். என்னுடைய இஸ்திரிப் பெட்டியைக் கரியோடு வாங்கிக்கொண்டு போய், தண்டவாளத்துக்கு மேலே மெல்ல மெல்ல நகர்த்தினார்கள். மலையின் ஓரம் கருகியது. இடைவெளி அப்படியே இருந்தது.

இன்னும் கொஞ்சம் கரி கேட்டு அண்ணாச்சி கொல்லைப்புறம் வந்தார். நான் அடைக்க முடியாமல் பிதுங்கி நின்ற கொல்லைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தேன். சாரல் வந்தால் எங்கள் கதவு வருஷா வருஷம் இப்படித்தான். அவர் கரியை மறந்துவிட்டுக் கதவையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏவே, இரும்பு சுருங்கலவே. பலகைல்லா ஊதியிருக்கு" என்று கத்தினார். பலகை ஒவ்வொன்றும் ஈரம் குடித்து அகன்று, மேலே இருந்த தண்டவாளத்தை இழுத்துப் பிரித்திருந்தது. ரயில்வே இரும்புக்கு என்ன செய்கிறது என்று பார்த்தவர்கள், குற்றாலத்துச் சாரல் மரத்துக்கு என்ன செய்யும் என்பதை மறந்துவிட்டார்கள். மூவரும் நெடுநேரம் சிரித்தார்கள். இடைவெளிகளில் சின்னத் துண்டு வைத்துப் பற்றவைப்பது என்று முடிவானது.

அந்த ஞாயிறு, அவர்கள் வேலையை ஆரம்பிக்கும் முன் கடைசியாக ஒரு தடவை ஓடவிட்டார்கள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன், குழந்தை என் இடுப்பில். ரயில் மலைக்குள் போனது. டொக்கு டொக்கு என்று சத்தம் வாசலை நெருங்கியது. என் தோளில் சாய்ந்திருந்தவள் சட்டென்று நிமிர்ந்து குகை வாசலைப் பார்த்தாள்.

அவள் கை எதையும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை.

அண்ணாச்சி அரத்தைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் எதிரில் அதிகம் பேசாதவள் பேசினேன்: "அண்ணாச்சி, அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நாளைக்கு அப்படியே விட்டுருங்க. பிள்ளை அதுக்குத் திரும்புது."

"தங்கச்சி, இது ரயில் சத்தமே இல்லம்மா. கட்டை வண்டி சத்தம்லா" என்றவர், சொல்லி முடிப்பதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டார். பெஞ்சைப் பிடித்தது, இடுப்பில் வைத்துப் பார்த்தது எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். கணவர் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அண்ணாச்சி அரத்தைக் கீழே வைத்தார்.

"அப்பம் கட்டை வண்டியாவே ஓடட்டும்."

"செங்கோட்டை பாசஞ்சரும் இப்படித்தான் கெடந்து முட்டுது மதினி" என்றார் கிளார்க்.

அந்தச் சாரல் முழுவதும், தாளம் பிசகினால் சோறு இறங்காத அந்த மூவரும் தப்பான சத்தத்தை ஓடவிட்டுக் கேட்டார்கள். இப்போது அவர்கள் கண்ணை மூடவில்லை, குழந்தையைப் பார்த்தார்கள். தரை வழியாக அதிர்வு வரக்கூடாது என்று கணவர் பெஞ்சுக் கால்களுக்கு அடியில் சாக்குகளை மடித்து வைத்தார். எஞ்சின் எண்ணெய் வாடை காட்டிக்கொடுக்குமோ என்று அண்ணாச்சிக்குச் சந்தேகம். ஒரு நாள் அதைத் துடைத்துவிட்டு ஓட்டினார். மலைக்குள் ரயில் நிற்கும்படி செய்து, சத்தமே இல்லாதபோது திரும்புகிறாளா என்றும் பார்த்தார்கள். சில தடவை சரியாகத் திரும்பினாள். சில தடவை சத்தம் வந்தும் திரும்பவில்லை. ஒரு தடவை ரயில் நின்றிருந்தபோதே வாசலைப் பார்த்துச் சிரித்தாள். நாங்கள் எல்லோரும் அவளையே பார்க்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ.

தை பிறந்து காற்று வறண்டதும் பலகைகள் சுருங்கின. இடைவெளிகள் தாமாகவே மூடிக்கொண்டன. ரயில் பழையபடி மெல்ல ஓடியது. இடுப்பில் இருந்தவள் திரும்புவதை நிறுத்திவிட்டாள். பெரிய சத்தம் மட்டும் கேட்கிறது என்று அர்த்தமா? அல்லது ஆறு மாதமாகப் பார்த்த ரயில் அலுத்துவிட்டதா? மறு வாரம் அண்ணாச்சி, யாரும் கேட்காமலேயே, குகை வாசலுக்கு அருகில் ஓர் இணைப்பை ரம்பத்தால் அறுத்து அகலமாக்கி வைத்தார். அவர் பாதையில் அவரே செய்த ஊனம் அது. அன்று அவள் திரும்பினாள். மறுநாள் திரும்பவில்லை.

பிறகு பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் ரீங்காரமிடும் இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அவள் காதுக்கருகில் காட்டினார். அவள் அவருடைய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவையின் காம்பை அவள் தலை எலும்பில் வைத்தபோது சிரித்தாள். நாங்கள் பின்னறையில் செய்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கொஞ்சம் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம், இந்த வயதில் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இப்படிப்பட்ட குழந்தைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது, உதட்டசைவைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள், எவ்வளவு சீக்கிரம் சேர்க்கிறோமோ அவ்வளவு நல்லது என்றும் சொன்னார்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. அப்போது அவளுக்கு நாலு வயதுகூட நிறைந்திருக்காது. சேர்த்துவிடலாம் என்கிறார் என் கணவர். "கேக்குதா கேக்கலையான்னு நாம கண்டுபிடிச்சு முடிக்கதுக்குள்ள அவ வளந்துருவா" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கொஞ்சமாவது கேட்குமென்றால், நாள் முழுக்கப் பேச்சுச் சத்தம் இருக்கும் வீட்டை விட்டு, பேச்சில்லாத குழந்தைகளுக்கு நடுவே கொண்டு விடுவது இருக்கிற கேட்கும் சக்தியையும் மழுங்க அடித்துவிடாதா? கேட்கவே இல்லையென்றால், வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அவளுக்கு நஷ்டம் இல்லையா? ராத்திரி பசித்தாலோ வயிறு வலித்தாலோ, என் முந்தானையை இழுத்து மட்டுமே சொல்லத் தெரிந்தவள் அங்கே யாரை இழுப்பாள்?

இதைப் படிக்கிறவர்களில் இப்படி ஒரு குழந்தையை வளர்த்தவர்கள் யாராவது நிச்சயம் இருப்பீர்கள். இந்தச் சின்ன வயதில் தங்கிப் படிக்க அனுப்பினீர்களா, ஒரு வருஷம் வீட்டிலேயே வைத்துக்கொண்டீர்களா? அனுப்பியவர்கள், குழந்தை முதல் விடுமுறைக்கு வந்தபோது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். வைத்துக்கொண்டவர்கள், அந்த ஒரு வருஷத்தில் வீட்டிலேயே என்ன சொல்லிக்கொடுத்தீர்கள், அதற்குப் பலன் இருந்ததா என்று சொல்லுங்கள். கொஞ்சம் கேட்கிறதா, சுத்தமாகக் கேட்கவில்லையா என்று நீங்கள் எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். இந்தப் பத்திரிகைக்கு எழுதினால் எனக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜூனுக்கு முன்னால் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.