ராலின்ஸில் பாதியில் நின்ற பாட்டு

வெர்னா டகெட்டின் மாடுகள் லாரியில் ஏறிப் போன அன்று நானும் அங்கே இருந்தேன். வயோமிங்கில் லஸ்க் ஊருக்கு வடக்கே எங்கள் இரண்டு பண்ணைகளுக்கும் நடுவில் ஒரு முள்கம்பி வேலிதான். இரண்டு வருடமாக மழை ஏமாற்றிவிட்டது. புல் கணுக்கால் உயரம்கூட வளரவில்லை. அவருடைய கணவர் ராய்ஸ் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. டென்வரில் இருந்த மகன் பண்ணை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டான். கடைசி மாட்டையும் சரிவுப் பலகையில் ஏற்றிவிட்டு, வெர்னா கையுறையைக் கழற்றி ஜீன்ஸில் தட்டினார்.

"வா நீல், ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ" என்றார். லாரி போன திசையை அவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் வெகுநேரம் மாட்டு வாடை அந்தப் பட்டியிலேயே நின்றது.

டிரை ஹாலோ பாய்ஸ் என்ற மூவரின் பாட்டு என்றால் அவருக்கு உயிர். கித்தார், பிடில், ஆள் உயரத்துக்கு பேஸ் என்கிற ஒரு கம்பி வாத்தியம், மூன்று குரல்கள். மாடு ஓட்டுகிறவன், மழைக்காகக் காத்திருக்கிற குதிரை, தூரத்து விளக்கு, இவற்றைப் பற்றித்தான் பாடுவார்கள். தலையீத்துக் கிடேரிகள் கன்று போடும் கொட்டகையில் அவர்களுடைய கேசட்டைத்தான் ஓடவிடுவார். ஒருமுறை கன்றின் கால் திரும்பிக்கொண்டு வராமல் நின்றபோது, என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது கையை முழங்கை வரை உள்ளே விட்டபடி, கண்ணை மூடிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். கிடேரி அசையாமல் நின்றது.

"நான் பாடறதுக்காக நிக்கல. பயந்துபோய் நிக்குது" என்றார்.

அத்தனை வருடத்தில் அவர்களை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அவர்கள் எங்கள் பக்கம் வருவது எப்போதும் பிப்ரவரியில். அது கன்று போடும் பருவம், மாடு வைத்திருக்கிற யாரும் வீட்டைவிட்டு நகர முடியாது. அந்தக் குளிர்காலம்தான் அவருக்கு முதன்முதலாக எங்கும் போகக்கூடிய குளிர்காலம்.

ஒருநாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"ராக் ஸ்பிரிங்ஸ்ல பாடறாங்களாம். என் வண்டி அவ்வளவு தூரம் தாங்காது. உன் மாட்டை உன் தம்பி பாத்துக்குவானா?"

"பாத்துக்குவான். அவன் பாத்துக்கலன்னாலும் மாடு அவனப் பாத்துக்கும்."

சிரித்தார். மாடுகள் போன இலையுதிர்காலத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை விடியும் முன்பே கிளம்பினோம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டுமே போடுகிற நீல நிறச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். காஸ்பர் தாண்டும்வரை வானம் வெள்ளையாக, அமைதியாக இருந்தது. மட்டி கணவாய்க்கு அப்பால் காற்று எழுந்தது. தரையில் கிடந்த பனியை வாரி வாரிச் சாலைமேல் போட்டது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ராலின்ஸுக்கு வந்தபோது பெரிய நெடுஞ்சாலையில் ஏறும் வழியில் தடுப்புக் கம்பத்தை இறக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் மூடிவிட்டார்கள் என்றார் அங்கே காரில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர்.

"எப்ப தெறப்பீங்க?" என்று கேட்டேன்.

"காத்தைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

லாரிக்காரர்கள் சாப்பிடும் உணவகத்துக்குப் போனோம். உட்கார இடமில்லை. ஈரக் கோட்டுகளும் வறுத்த இறைச்சியும் டீசலும் கலந்த மணம். சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சியில் எல்லாச் சாலைகளும் சிவப்புக் கோடுகளாகத் தெரிந்தன. ஒரு குடும்பம் எழுந்த மேசையைப் பிடித்து, பிஸ்கட் என்கிற மெத்தென்ற ரொட்டியும் வெள்ளைக் குழம்பும் வாங்கினோம். வெர்னா ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டவர் மெல்லுவதை அப்படியே நிறுத்திவிட்டார்.

"நீல். அந்த மூலையில பாரு. திரும்பாத. மெதுவாப் பாரு."

மூலையில் மூன்று வயதான ஆட்கள். சுவரோரம் கித்தார் பெட்டி, பிடில் பெட்டி, துணி போர்த்திய பேஸ். கேசட் அட்டையில் இருந்த அதே முகங்கள், ஆனால் தொங்கிப்போயிருந்தன. அவர்களும் ராக் ஸ்பிரிங்ஸுக்குத்தான் போயாக வேண்டும். சாலை மூடிய பிறகு இந்தக் கதவைத் தவிர அவர்களுக்கும் வேறு வழி இருந்திருக்காது.

"போய்ப் பேசுங்க" என்றேன்.

"என்னன்னு பேசறது? சாப்பிடட்டும்."

காபி ஆறிப்போகும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேசையில் யாரும் யாரோடும் பேசவில்லை. உச்சக் குரலில் பாடுகிற லேன் டட்டில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். பிடில்காரர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேஸ் வாசிக்கும் ஹோபர்ட் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் உப்புப் புட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் வெர்னா எழுந்தார். நானும் கூடவே போனேன்.

"உங்களப் பாக்கத்தான் ராக் ஸ்பிரிங்ஸ் போறோம்" என்றார்.

"அப்ப வீட்டுக்குத் திரும்பிப் போகலாம்மா" என்றார் லேன். "இப்பதான் போன் வந்துச்சு. இன்னிக்கு நிகழ்ச்சி இல்ல."

வெர்னா தலையாட்டினார். அதை அவர் ஏற்கெனவே எதிர்பார்த்திருந்தார் என்று நினைக்கிறேன். "அடுத்த வருஷம் வருவீங்கல்ல?"

பிடில்காரர் திரும்பாமலே சொன்னார்: "அடுத்த வருஷமா? இவரு இந்த வாரம் ஒழுங்கா இருந்தாலே பெருசு."

"ரே, வேணாம்" என்றார் ஹோபர்ட். பிறகு வெர்னாவிடம், "இந்த வருஷத்தோட முடிஞ்சுதுங்க. லேனோட தொண்டை முன்ன மாதிரி இல்ல. இவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதும் இல்ல. ஒரே வேன்ல போய்க்கிட்டு அது எவ்வளவு கஷ்டம்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

கன்று போடும் கொட்டகையில் அவர்களுடைய பாட்டு ஓடும் கதையை வெர்னா சொன்னார். லேன் முதல் தடவையாக ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

"மாடுங்களாவது கடைசிவரைக்கும் கேட்டுச்சே" என்றார். "இப்ப எத்தனை மாடு வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல."

லேன் எழுந்து கித்தார் பெட்டியைத் திறந்தார். பிடில்காரர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் வில்லில் பிசின் தேய்க்க ஆரம்பித்தார். யாரோ ஒரு லாரிக்காரர் கைதட்டி, "பாடுங்கப்பா, இங்க செத்துக்கிட்டிருக்கோம்" என்று கத்தினார். பரிமாறும் பெண் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள்.

வெர்னாவுக்கு மிகவும் பிடித்த பாட்டு எது என்று லேன் கேட்டார். சொன்னார். மந்தையைக் காவல் காக்கிறவன் விடியலுக்குக் காத்திருக்கும் பாட்டு.

தொடங்கியது. ஹோபர்ட்டின் பேஸ் தரைப்பலகை வழியாக என் பூட்ஸில் ஏறியது. மூன்று குரலும் சேர்ந்த முதல் வரியில் வெர்னா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு வரி கேசட்டைவிட நன்றாக இருந்தது. அதை நான் சத்தியமாகச் சொல்வேன். இரண்டாவது அடியில் மேலே ஏற வேண்டிய இடத்தில் லேனின் குரல் உடைந்தது. இருமினார். பிடில்காரர் அந்த இடத்தைத் தன் வில்லால் மூடினார். லேன் மறுபடியும் முயன்றார், மறுபடியும் உடைந்தது. பக்கத்து மேசையில் ஒருவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

வெர்னா மெதுவாக அந்த வரியைத் தானே எடுத்தார். மாட்டுக்குப் பாடுகிற குரல், அவ்வளவுதான். லேன் அவரைப் பார்த்தார், கித்தாரைத் தொடர்ந்து மீட்டினார். அப்போது கதவருகே ஒருவன் கத்தினான்:

"கெழக்கால தெறந்துட்டாங்க! லாரமி பக்கம் தெறந்துட்டாங்க!"

அறை முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. நாற்காலிகள் தரையில் உரசின, கோட்டுகள் பறந்தன. வெளியே எஞ்சின்கள் உறுமத் தொடங்கின. பிடில்காரர் வில்லை இறக்கினார். "நாம திரும்பற வழி அதான், போகணும். மறுபடி மூடிட்டா இங்கயேதான்" என்றார். அன்று லேனிடம் அவர் நேராகப் பேசியதை அப்போதுதான் கேட்டேன்.

லேன் கம்பிகள்மேல் கையை வைத்து அடக்கினார். "மன்னிச்சுக்குங்கம்மா."

"பரவால்ல, கெளம்புங்க" என்றார் வெர்னா. "காத்து இப்படியே இருக்காது. எல்க் மலைகிட்ட பாத்துப் போங்க."

ஹோபர்ட் பேஸைத் தோளில் தூக்கியபடி ஏதோ சொல்ல வந்தார். பின்னால் இருந்தவர்கள் அவரைக் கதவை நோக்கித் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஜன்னல் வழியே வேன் கிளம்புவதைப் பார்த்தோம். வெறும் மேசைகளும் குழம்பு ஒட்டிய தட்டுகளும்தான் மிச்சம். பரிமாறும் பெண் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள்.

காஸ்பர் சாலை மூடப்படவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே அதில் ஏறினோம். மட்டி கணவாய் வந்தபோது, "அவங்க யாரும் என் பேரக் கேக்கல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கொஞ்சநேரம் கழித்து, "நான் பாடியிருக்கக் கூடாது. அவரு மனசு ஒடஞ்சிருக்கும்" என்றார்.

"அவரோட மனசு நீங்க பாடறதுக்கு முன்னாடியே ஒடஞ்சிருந்துச்சு" என்றேன். அது ஆறுதல் இல்லை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கோடையில் மூவரும் பிரிந்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். வெர்னாவின் நிலத்தை வெளிமாநிலத்துக்காரர் ஒருவர் வாங்கினார். வீட்டை யாரும் குடியேறாமல் பூட்டியே வைத்திருக்கிறார். காஸ்பரில் வயதானவர்களுக்கான கட்டடத்தில் மகன் வெர்னாவுக்கு ஓர் அறை பிடித்துக் கொடுத்தான்.

சந்தைக்குப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். போன மார்ச்சில் போயிருந்தேன். அறை சுத்தமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்.

"பாட்டெல்லாம் கேக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"இங்க சுவரு மெலிசு நீல். பக்கத்துக்காரர் தட்டுவாரு." பிறகு என் கன்றுகளைப் பற்றிக் கேட்டார். பனியில் சில போய்விட்டன என்றேன். எப்படிப் போயின, எந்தப் பக்கத்துக் காற்று, தாய் நக்கிக் காயவைத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழே சாப்பாட்டு மணி அடித்தது. நேரத்துக்குப் போகாவிட்டால் தட்டை எடுத்துவிடுவார்களாம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து, சுவரைப் பிடித்தபடி நடைபாதையில் போனார்.