வாப்பாவின் முதுகில் விழுந்த வட்டங்கள்

எங்கள் வாப்பா நெய்த சாரனைக் கல்முனைக் கடைக்காரர்கள் விரித்துப் பார்க்காமலே வாங்குவார்கள். எங்கள் ஊர் மருதமுனையில் எத்தனையோ தறிகள் இருந்தன. அந்தப் பெருமை எங்கள் வீட்டுக்குத்தான் என்று எனக்கு ஏழு வயதிலேயே பெரிய நினைப்பு.

தொண்ணூறுகளில் ஒரு நோன்பு மாதம் முடிகிற நேரத்தில் வாப்பாவுக்கு நாரி பிடித்துக்கொண்டது. தறிக்குழிக்குள் காலை விட்டு நாள் முழுக்கக் குனிந்திருந்தால் இடுப்பு சும்மா இருக்குமா? தைலம், ஒத்தடம், ஆஸ்பத்திரிக் குளிசை எதற்கும் அது மசியவில்லை. பெருநாள் சாரன்கள் பாதியில் கிடந்தன. உம்மாவின் தம்பி, என் மாமா, குப்பி வைப்போம் என்றார். நபிவழி வைத்தியம் என்றதும் வாப்பா மறுபேச்சில்லாமல் பாயில் குப்புறப் படுத்துவிட்டார்.

மாமா ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி, கிளாசுக்குள் ஒரு சுற்றுக் காட்டிவிட்டு, வாப்பாவின் இடுப்பில் டக்கென்று கவிழ்ப்பார். உள்ளே தோல் பணியாரம் போல எழும்பி வரும். அவை உம்மா விருந்தாளிகளுக்கென்று அலுமாரியில் பூட்டி வைத்திருந்த கிளாசுகள்.

"பெருநாளைக்கு வாற ஆக்களுக்கு இனி எதுல தேத்தண்ணி குடுக்கிற?" என்று உம்மா குசினியிலிருந்து கேட்டார்.

"கழுவினாச் சரிதானே ராத்தா," என்றார் மாமா.

மறுநாள் வாப்பா நிமிர்ந்து நடந்தார். முதுகில் கத்தரிக்காய் நிறத்தில் வட்டம் வட்டமாகத் தடம். தறியில் உட்கார்ந்து இரண்டு மூன்று நாளில் மிச்சச் சாரன்களை முடித்து, சைக்கிளில் கட்டி, என்னையும் முன்னால் ஏற்றிக்கொண்டு கல்முனைக்குப் புறப்பட்டார்.

வழியில் சென்றி, ஆமியின் காவலரண். அங்கே ஆமிக்காரர் ஆண்களின் சட்டையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது அந்நாளில் வழமை. உடம்பில் தழும்பு இருந்தால் சண்டைக்குப் போனவன் என்பது அவர்கள் கணக்கு. வாப்பா சட்டையைத் தூக்கியதும் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் போய்த் தங்கள் பெரியவரைக் கூட்டி வந்தார். மூவரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வரிசையில் நின்ற வேறு யாருக்கும் இல்லாத மரியாதையாக, வாப்பாவை மட்டும் மரத்தடி வாங்கில் உட்காரச் சொன்னார்கள். அந்த வாங்கில் உட்கார்ந்தவர்களில் வீடு திரும்பாதவர்களும் உண்டு என்பது ஊருக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது.

பெரியவர் சிங்களத்தில் கேள்வி கேட்டார். வாப்பாவிடம் இருந்தது சாரன் விற்கிற அளவுச் சிங்களம். மருந்து, மருந்து என்று அதில் திருப்பித் திருப்பிச் சொன்னார். கேட்டவருக்கு விளங்கவில்லை.

இத்தனை பெரிய ஆட்களுக்கு இது விளங்கவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. மேசையில் பெரியவர் குடித்து வைத்த கிளாசை எடுத்து, வாயும் நாடியும் மூடும்படி கவிழ்த்து, காற்றை உறிஞ்சினேன். மாமா குப்பி வைத்த நாளிலிருந்து எங்கள் வளவுப் பிள்ளைகளின் விளையாட்டு அது. கையை விட்டேன், கிளாஸ் முகத்தில் தொங்கியது. பிடுங்கியபோது நாடியைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம். அதையும் வாப்பாவின் முதுகையும் மாறி மாறிக் காட்டினேன்.

பெரியவர் என் நாடியைப் பார்த்தார். பிறகு வாப்பாவின் முதுகைப் பார்த்தார். சட்டென்று சிரித்துவிட்டார். தன் இடுப்பைத் தட்டிக் காட்டி ஏதோ சொல்ல, மற்றவர்களும் சிரித்தார்கள். போகலாம் என்று கை காட்டினார்.

வாப்பா சைக்கிளில் ஏறவில்லை. என்னை இருத்தி உருட்டிக்கொண்டே நடந்தார்.

"வாப்பா, அவங்களுக்கு உங்கட முதுகு நல்லாப் புடிச்சிட்டு, என்ன?" என்று கேட்டேன்.

"ஓம் மகள்," என்றார். கொஞ்சம் தூரம் போன பிறகு, "எண்ட மகள் கெட்டிக்காரி," என்றார்.

அதற்குப் பிறகு மாமா எத்தனையோ தரம் குப்பி வைக்க வந்தார். "தேவல்ல மச்சான், சொகமாயிட்டு," என்று வாப்பா அனுப்பிவிடுவார். தறிக்குழியிலிருந்து எழும்பும்போது அவர் சுவரைப் பிடித்துக்கொள்வதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் எங்கள் வாப்பாவின் நாரி நோவு ஒரே தடவையில் பறந்துவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சட்டையைத் தூக்கினால் முதுகு வெறும் முதுகாக இருக்க வேண்டும் என்றுதான் அவர் அந்த நோவைச் சுமக்கிறார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.