அண்ணனின் நிரந்தர வேலை

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. வட்டமாக வரும் லென்ஸை மெஷினில் பிடித்து, ஃப்ரேமின் வடிவத்துக்கு ஓரம் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் லென்ஸ் ஆடும், குறைத்தால் ஃப்ரேம் விரிசல் விடும். அவள் தேய்த்தது ஆடியதே இல்லை என்று கடைக்காரர் வாடிக்கையாளர்களிடம் பெருமை பேசுவார். அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வருடம்தான் அவளுக்கு முதல் ஓட்டு. கட்சி என்று எதையும் அவள் பிடித்து வைத்திருக்கவில்லை. ஆனால் கருத்துக்குக் குறைவில்லை. வீட்டில் செய்தி ஓடினால் டிவியோடு சண்டை போடுவாள். அரசியல்வாதிகள் அடிக்கிற கோடிகள் பற்றி அவளுக்குப் பெரிதாகக் கோபம் வருவதில்லை, அந்தக் கோடிகளை அவளால் கற்பனை செய்ய முடியவில்லை. வரிசையில் நிற்பவனை நிற்க வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வருகிறவனை உள்ளே கூப்பிடுகிறார்களே, அதுதான் வயிறு எரிந்தது.

எரிவதற்கு வீட்டிலேயே காரணம் இருந்தது. அவளுடைய அண்ணன் அரசு மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டினான். தற்காலிக ஓட்டுநர். எப்போதாவது ஒரு நிரந்தர இடம் வரும், அது பணிமூப்புப்படி கொடுக்கப்பட வேண்டும். மூப்பில் முதலில் இருந்தவரை ஆம்புலன்ஸ் ஷெட்டில் எல்லோரும் ‘சீனியர்’ என்றே கூப்பிட்டார்கள். மருத்துவமனை அவருக்குக் கொடுத்த ஒரே பதவி உயர்வு அந்தப் பெயர்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வயது வரம்பைத் தாண்ட அவருக்கு அதிக காலம் இல்லை. போன முறை இடம் வந்தபோது அது அவரைத் தாண்டி, தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருடைய மச்சானுக்குப் போனது. அதற்கு முன் அந்த ஆள் ஷெட்டின் பக்கமே வந்ததில்லை.

தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சேனல்காரர்கள், இளைய வாக்காளர்களின் கருத்து என்று சொல்லி, கடைத்தெருவில் மைக்கோடு நின்றார்கள். டீ குடிக்க வெளியே வந்தவளிடம், இந்த அரசு நியாயமாக நடக்கிறதா என்று கேட்டார்கள்.

“வரிசைன்னு ஒண்ணு வச்சிருக்கீங்கல்ல, அத எடுத்துடுங்க,” என்றாள். “எடுத்துட்டா நாங்களும் நிக்காம வேற வேலையப் பாப்போம். எங்க ஆஸ்பத்திரில ஆம்புலன்ஸ் ஓட்டுறவங்க தலை நரைச்சும் தற்காலிகம். உறுப்பினரோட மச்சான் வந்தாரு, அடுத்த மாசம் நிரந்தரம். அவருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. ரெண்டு தடவ ஆஸ்பத்திரி கேட்டை இடிச்சிட்டாரு. நோயாளிய ஏத்திட்டா அவர் நேரா முன்னாடியே போய்ட்டு இருக்க வேண்டியதுதான், பின்னாடி எடுக்கவே முடியாது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாலைக்குள் ஊரே சிரித்தது. யார் போனைத் திறந்தாலும் அவள் முகம். சீனியர் ஷெட்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவளுக்குப் போன் போட்டு, “இத்தன வருஷமா நான் மனசுக்குள்ள சொன்னத நீ மைக்ல சொல்லிட்டம்மா,” என்றார். அவள் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

மறுநாளே அண்ணனிடமிருந்து ஆம்புலன்ஸ் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பிணவறை வண்டிக்கு மாற்றினார்கள். கண்காணிப்பாளர் அவன் முகத்தைப் பார்க்காமல், “மேல இருந்து சொல்லிட்டாங்கப்பா, என் கையில இல்ல,” என்றார். வேலை முடிந்ததும் வண்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டியதும் அவனே. வீட்டுக்கு வரும்போது பினாயில் வாடை அவனுக்கு முன்னால் நுழைந்தது. அவளை அவன் திட்டவில்லை. அவள் சாப்பிட உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான், அவ்வளவுதான்.

அப்புறம் ஆளும் கட்சியின் பகுதிப் பொறுப்பாளர் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று பயந்திருந்தார்கள். அவரோ அம்மா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, நாற்காலி நுனியில் பணிவாக உட்கார்ந்தார்.

“தங்கச்சி நல்லாப் பேசுது. பேசுற பிள்ளைங்கள எங்களுக்குப் பிடிக்கும். எதிர்க்கட்சிக்காரன் சொல்லிக் கொடுத்துப் பேசிட்டேன், தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சது. தம்பி இன்னும் எத்தன நாள் பிணத்த ஏத்தி இறக்குறது? தேர்தல் முடிஞ்சதும் ஒரு இடம் வருது.”

“எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல,” என்றாள் அவள்.

“அது எனக்குத் தெரியாதாம்மா?” என்றார் அவர், ஆறுதல் சொல்கிற குரலில்.

அவர் போன பிறகு அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாதான் பேசினாள்.

“நீ சொன்னது சரிதான்டி. நான் இல்லேன்னு சொல்லல. சரியானத ஒரு தடவ சொல்லியாச்சு. இப்ப அவனுக்காகத் தப்ப ஒரு தடவ சொல்லு.”

“ஊர்ல என்னப் பத்தி என்ன பேசுவாங்க?”

“ஊரா இவன் துணியத் துவைக்குது? நான் துவைக்கிறேன்.”

கட்சி அலுவலகத்தின் மாடியறையில் வைத்துப் படம் எடுத்தார்கள். எழுதிக் கொடுத்ததை அவள் தட்டுத்தடுமாறாமல் சொன்னாள். போனைப் பிடித்திருந்தவனுக்குத் திருப்தி இல்லை. “செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு. தலையக் கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க. அழுதா இன்னும் நல்லா இருக்கும், கட்டாயம் இல்ல,” என்றான். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தான். அழுகை வரவில்லை. கடைசியில் பொறுப்பாளர் எழுந்து வந்து, “போதும்ப்பா, நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி, படுத்தாத,” என்று அவள் தலையில் கை வைத்தார். அப்போது கண்ணீர் வந்துவிட்டது. போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் வெளியிட்டார்கள்.

முதல் வீடியோவைப் பார்த்தவர்களைவிட இரண்டாவதைப் பார்த்தவர்கள் அதிகம். காசு வாங்கிக்கொண்டு பேசியவள் என்று தெருவில் முடிவு கட்டினார்கள். முன்பு கைகொடுத்த அதே ஆட்கள், எதிர்க்கட்சி எவ்வளவு கொடுத்தது, இவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள், ஆக மொத்தம் நல்ல வியாபாரம்தானே என்று அவள் காதுபடக் கேட்டார்கள். கடையின் முன்பக்கம் வர வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

ஆளும் கட்சியே மறுபடி வந்தது. நிரந்தர இடமும் வந்தது, ஒன்றே ஒன்று. அண்ணனுக்கு ஆர்டர் கிடைத்த அன்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். அந்த இடம் யாருடையது என்பது தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது.

“அது சீனியரோட முறைதானே?” என்று அண்ணனிடம் கேட்டாள்.

“ஆமா.”

“அவருக்கு வயசு தாண்டிடுமே. இனிமே அவருக்குக் கிடைக்கவே கிடைக்காதே.”

“தெரியும்.”

“அந்தாளு வந்து உக்காந்து பேசினப்பவே தெரியுமா?”

அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தான். புதுச் சீருடை. “பின்வாசல் வழியாப் போறவனுக்குத்தான் வேலைன்னு நீதான ஊருக்கே சொன்ன? போய்ட்டேன். கதவத் திறந்து விட்டதும் நீதான். இப்ப வந்து என்ன விசாரண?”

அவள் அன்றே அந்தச் சேனல் அலுவலகத்துக்குப் போனாள். முதலில் சொன்னதுதான் உண்மை, அதைத் திரும்பச் சொல்கிறேன் என்றாள். மைக் பிடித்த அதே ஆள்தான் இருந்தான். அவளை உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டான்.

“நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா பாக்கிறவங்க எதை நம்புவாங்க, சொல்லுங்க. தேர்தலும் முடிஞ்சிருச்சு,” என்றான். எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்பினான். உள்ளே திரும்பியதும் யாரோ எதையோ கேட்க, அவன் பதில் சொன்னான். இருவரும் சிரித்தார்கள்.

சீனியர் ஒருநாள் கடைக்கு வந்தார். வயது தாண்டிவிட்டது என்று மருத்துவமனையில் அவரைக் கழித்துவிட்டிருந்தார்கள். ஏதோ ஒரு கம்பெனிக்குச் சரக்கு வேன் ஓட்டுகிறாராம். கண்ணாடியில் ஒரு பக்க லென்ஸ் உடைந்திருந்தது. கடை முன்பக்கம் இருந்த பெண் அதைப் பின்னறைக்கு அனுப்ப, லென்ஸ் தேய்க்கிறவளுக்கு ஃப்ரேமைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. கடைக்காரரின் பேச்சை மீறி, முடித்த கண்ணாடியைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் காதில் மாட்டி, தலையை ஆட்டிப் பார்த்தார்.

“சரியா இருக்கா அண்ணே?”

“இருக்கு. உன் வேலைய நான் என்னைக்குக் குறை சொன்னேன்?”

மன்னிப்புக் கேட்க அவள் வாயைத் திறந்தாள். அவர் கையமர்த்தினார்.

“வேணாம்மா. நீ மன்னிப்புக் கேட்டு நான் ஏற்கனவே பாத்திருக்கேன், நல்லாத்தான் கேக்கிற. அந்த ரெண்டு வீடியோவையும் போன்ல வச்சிருக்கேன். என் பொண்ணுக்கு அடுத்த வருஷம் ஓட்டு வருது. அவளும் உன்ன மாதிரி டிவியோட சண்ட போடுறா. ரெண்டையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா அவளுக்குப் போட்டுக் காட்டினேன்.”

“என்ன சொன்னா?”

“டிவிய நிறுத்திட்டு உள்ள போய்ட்டா.”

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் ஏதோ பழக்கமான சாலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அண்ணனுக்கு அரசுக் குடியிருப்பில் வீடு ஒதுக்கினார்கள். பெண்ணும் அமைந்தது. பெண் வீட்டார் அந்த அழுகை வீடியோவைப் பார்த்திருந்தார்கள். நாத்தனார் கூட இருப்பாளா என்று மட்டும் கேட்டார்களாம். அம்மாவும் அண்ணனும் குடியிருப்புக்குப் போனார்கள். அவள் கடைக்குப் பக்கத்தில், இரண்டு பெண்களோடு ஒரு வாடகை அறையில் தங்கிக்கொண்டாள்.

அம்மா அவ்வப்போது போன் செய்வாள். தண்ணீர் நாள் முழுக்க வருகிறது என்பாள், பால்கனியில் துணி சீக்கிரம் காய்கிறது என்பாள். ஒருமுறை, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “உன் அண்ணன் உன்னப் பத்தி யார்கிட்டயும் தப்பா ஒரு வார்த்த பேசுறதில்ல, தெரியுமா?” என்றாள்.

“என்ன பேசுறான்?”

அம்மா யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு அவ்வளவாக வராது.

“எதுவும் பேசுறதில்ல,” என்றாள்.