கால்வாய்க்கரையில் இரண்டு போட்டோ

தோழிகளே, தயவுசெய்து இதை நம் குரூப்புக்கு வெளியே யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் சைக்கிளைப் பிடுங்கிக்கொள்வார். போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன்.

இன்று டியூஷன் முடிந்து, லாரிகள் விரட்டும் மெயின்ரோட்டை விட்டு, அண்ணனூர்ப் பக்கம் கால்வாய்க்கரையில் புங்கமர நிழலிலேயே சைக்கிளில் வந்தேன்.

வாக்கிங் வந்த எதிர்வீட்டு அங்கிள் வழிமறித்து என்னைப் போட்டோ எடுத்தார்.

"பொட்டப் புள்ளைக்கு இங்க இன்னா வேலை? உங்க நைனாவுக்கு அனுப்பறேன் இரு."

நானும் அவரை ஒரு போட்டோ எடுத்தேன்.

"அனுப்புங்க அங்கிள். சுகருக்கு வாக்கிங் போறவரு கையில ஜிலேபின்னு ஆண்ட்டிக்கு நானும் அனுப்பறேன்."

பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்!

நாளையும் அதே வழிதான். யார் யார் கூட வருகிறீர்கள்?

கதவு தட்டுகிறது. அப்பாவின் குரல்.

"கதவத் தொற. இன்னா போட்டோ இது?"

திறக்கத்தான் வேண்டும். சைக்கிள் சாவியை மட்டும் தரமாட்டேன்