பதினோரு எழுத்துப் பெயர்

ஐப்பசி 23, வெள்ளிக்கிழமை, காலை 9 மணி 10 நிமிடம். மூன்றாம் நாளாக விடாத மழை. ராகுகாலத்துக்கு இன்னும் ஒரு மணி இருபது நிமிடம். அதற்குள் தம்பிக்குப் பெயர் வைத்தாக வேண்டும். அவன் பிறந்து பதினாறு நாள். எனக்கு எட்டு வயது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தறிக்குழியில் முழங்காலளவு தண்ணீர் ஊறியிருந்தது. அப்பாவும் வாலாஜாபாத்திலிருந்து வந்த மாமாவும் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பதினான்கு பெயர்களைத் தாளில் எழுதி வந்து, ஒன்றின் கீழே கோடு போட்டிருந்தார்.

"ஜட்ஜு பேருன்னா, மச்சான், போர்டுல இந்த முனைலேர்ந்து அந்த முனை வரைக்கும் வரணும். உன் பெரியவன் பேரு மாதிரி நாலெழுத்துல முடிஞ்சா எவன் மதிப்பான்?"

அப்பா ஒரு வாளித் தண்ணீரை வெளியே வீசினார்.

கோடு போட்ட பெயரை எண்ணினேன். பதினோரு எழுத்து. என்னுடையது தாத்தாவின் பெயர். தாத்தா ஆயுள் முழுக்கத் தறியில் உட்கார்ந்தவர். அவனுக்குக் கோர்ட்டு, எனக்குக் குழி என்று முன்பே பேசி முடித்துவிட்டார்கள்! போன வாரம் அப்பா என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. தறிக்குத்தான் பார்த்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் அத்தைதான் குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். முதலில் யார் சொல்கிறார்களோ அதுதான் ஒட்டும் என்பது என் எண்ணம். அம்மா குளிக்கப் போன நேரம் தூளிக்குள் தலையை விட்டு, என் பெயரைத் தம்பியின் காதில் மூன்று முறை சொன்னேன். சந்தேகத்துக்கு நான்காவதும் சொன்னேன். பிறகு சமையலறையில் அத்தையை மடக்கி, ஜட்ஜு பெயரை என் காதில் சொல்லச் சொன்னேன்.

"இன்னாடா, இருக்கிற பேரு உனக்குப் பத்தலியா?"

சேர்த்து வைத்திருந்த நாலணாவை நீட்டினேன். அத்தை அதை முந்தானையில் முடிந்துகொண்டு, "குனிடா ஜட்ஜய்யா" என்று அந்தப் பெயரை என் காதில் மூன்று முறை சொன்னாள்.

ஊரறிய அந்தப் பெயர் தம்பிக்கே போனது. ஆனால் காதில் சொன்னது அப்படியே பலித்தது. நான் படித்துக் கருவூலத்தில் கணக்கரானேன். தம்பி பத்து வயதில், சேலைக் கரையை உடலோடு கோக்க, தறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூளிதான் தெரிந்தது.

அவன் கல்யாணத்தன்று அத்தையிடம் சொல்லி அழுதேன்.

"போடா பைத்தியம். அவன் பொறந்த அன்னிக்கே உங்கப்பன் சொல்லிட்டான். 'பெரியவனுக்குக் கணக்கு நல்லா வருது, படிக்கட்டும். ஒத்த ஆளா எவ்ளோ நாளு தறி ஓட்டுறது? சின்னவன் உக்காரட்டும். அவனுக்குப் பேராவது பெருசா இருக்கட்டும்கா'ன்னான்."

தம்பிக்கு இப்போது அறுபத்தெட்டு. வங்கிப் படிவத்தில் அவன் பெயருக்குக் கட்டம் போதுவதில்லை. இருந்தாலும் பதினோரு எழுத்தையும் நெருக்கி நெருக்கி எழுதிவிடுகிறான். தறியில் உட்கார்ந்து ஐம்பத்தெட்டு வருடம்.

எனக்கு ஆன செலவு நாலணா.